ஏழு விநாடி வயல்

என் வீட்டு யன்னல்களுக்குக் கிறில் அடித்துத் தந்தவர் ஸைனுலாப்தீன். சாய்ந்தமருதில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்குத் திரும்பும் ஒழுங்கை முனையில் அவருடைய வெல்டிங் கடை இருக்கிறது. முப்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு. இரண்டு முன்கைகளிலும் தீப்பொறி பட்ட கறுப்புப் புள்ளிகள். அவர் கராட்டி மாஸ்டர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் எவரையும் கை வைக்க விடமாட்டார் என்பது அவருக்கு முடி வெட்டுகிறவருக்கு மட்டும் தெரியும்.

1999ஆம் ஆண்டு மாரி தொடங்குமுன் கிறில் பூட்ட வந்தபோது, பொழுதுபோக்காக ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் பழகிய காலத்துச் சண்டைக்கும் இப்போதைய சண்டைக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று. கையிலிருந்த துளைபோடும் மெசினை அவர் நிலத்தில் வைத்தார்.

"நல்லா மாறியிரிக்கி சேர். இன்னும் மாறும். ஏன் மாறின எண்டதத்தான் நான் இன்னும் ஒருத்தருக்கும் செல்லல்ல."

அன்றும் மறுநாளும் வேலைக்கிடையில் அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருடைய வாப்பா கரைவலை இழுத்தவர். ஸைனுலாப்தீன் பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய் ஓர் இரும்புப் பட்டறையில் தொழில் பழகினார். பட்டறையின் மேல்மாடியில் கராட்டி வகுப்பு நடந்தது. கீழே வேலை முடிந்ததும் கைகழுவிவிட்டு மேலே ஏறிவிடுவார். நான்கு வருடத்தில் மண்ணிறப் பட்டி. கறுப்புப் பட்டிக்கு நாள் குறித்திருந்த வேளையில் எண்பத்துமூன்று கலவரம் வந்தது. பட்டறையைப் பூட்டினார்கள். அவர் ஊருக்கு வந்தார், ஸகியாவைக் கலியாணம் முடித்தார், மாமனார் வீட்டு வளவின் முன்பக்கத்தில் கடை போட்டார். மாலையில் முப்பது பேருக்குக் கராட்டி சொல்லிக் கொடுத்தார். தொண்ணூறில் யுத்தம் மறுபடி மூண்டதும் அதுவும் நின்றது. இளைஞர்கள் முப்பது பேர் ஓரிடத்தில் கூடி நிற்பதை எந்தத் தாய் விரும்புவாள், அந்த வருடத்தில்?

தொண்ணூற்றுமூன்றில் மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு பாழடைந்த அரிசி ஆலையின் இரும்புக் கதவைத் திருத்திக் கொடுத்தார். கூலிக்குப் பதிலாக அந்த ஆலையை மாலையில் பாவிக்க உரிமை கேட்டார். முதலாளி சம்மதித்தார். தகரக் கூரை, சீமெந்துத் தரை, கூரை வளைமரங்களில் நூற்றுக்கணக்கில் மாடப்புறா. ஆலையின் பின்பக்கம் வயல். அஸர் தொழுதுவிட்டு வந்து, மஃரிபுக்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பொழுது பட்டபின் அந்தப் பாதையில் எவருக்கும் வேலை கிடையாது.

அந்தக் காலத்தில் ஸைனுலாப்தீனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. தான் கற்றது முழுமையானது என்ற நிம்மதி. குத்துக்கு ஒரு தடுப்பு, உதைக்கு ஒரு தடுப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு பெயர்.

1995இல் ஸகியாவின் தம்பி அபுல் ஹஸன் துபாயிலிருந்து லீவில் வந்தார். மச்சானுக்கென்று ஒரு வீடியோ கெசற் கொண்டுவந்தார். அமெரிக்காவில் எங்கோ நடந்த சண்டை. கம்பி வலை அடித்த மேடைக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். ஒருவன் குத்துச்சண்டைக்காரன், ஒருவன் மல்யுத்தக்காரன், ஒருவன் கராட்டிக்காரன். யாரும் யாரோடும் மோதலாம். எந்தக் கலை பெரியது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

கராட்டிக்காரன் உயரமானவன். உள்ளே வந்து வணங்கி நின்ற நிலையைப் பார்த்ததுமே ஸைனுலாப்தீனுக்கு அவனைப் பிடித்துவிட்டது. எதிரே வந்தவன் மெலிந்த ஆள். குத்து வாங்காமல் குனிந்து ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் விழுந்தார்கள். மெலிந்தவன் முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கழுத்தைக் கைக்குள் வளைத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சண்டை முடிந்தது.

"என்ன நடந்த?" என்று ஸைனுலாப்தீன் வாய்விட்டுக் கேட்டார்.

திரும்ப ஓடவிட்டார். நிறுத்தினார். நிறுத்திய படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. கராட்டிக்காரனின் முகம் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் வாய் திறந்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த ஸகியா நின்று பார்த்தாள்.

"கையப் பாருங்க," என்றாள். "நிலத்துல தட்டுறான். உடு, உடு எண்டு செல்றான். வாயால செல்ல ஏலாமக் கிடக்குப் போல."

அந்தத் தட்டலைப் பதினொரு முறை பார்த்தும் ஸைனுலாப்தீனுக்கு விளங்கியிருக்கவில்லை. ஸகியாவுக்கு ஒரே பார்வையில் விளங்கியது. பதினாறு வருடம் பழகிய கலையில், தோற்றவன் தன் தோல்வியைச் சொல்ல ஒரு வழிகூட வைத்திருக்கவில்லையே என்று அவருக்கு அப்போது தோன்றியதாம்.

தரைச் சண்டை பழக ஒரு கூட்டாளி வேண்டும். கராட்டி மாணவர்கள் வெட்கப்பட்டார்கள். வந்தவர் காரைதீவு அழகரெத்தினம். நாற்பத்திரண்டு வயது விவசாயி. உழவு மெசினின் இரும்புச் சில்லை ஒட்டிப்பிடிக்கக் கடைக்கு வந்து பழக்கமானவர். நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கித் தோளில் போடுகிற ஆள். கெசற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"இது நாங்க சின்னனில சேத்துக்குள்ள புரண்ட வேலதானே மாஸ்டர். இதுக்கா டொலர் குடுக்கிறானுகள்?"

உரப்பைகளில் உமி அடைத்துத் தைத்து ஆலைத் தரையில் பரப்பினார்கள். அதன்மேல் இருவரும் கெசற்றில் கண்டதைக் கண்டபடி செய்து பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் கழுத்துப்பிடி சரிவந்தது. அழகரெத்தினத்தின் கை ஸைனுலாப்தீனின் கழுத்தைச் சுற்றி விழுந்த அந்த மாலையில், தட்டியிருக்க வேண்டும். அவர் தட்டவில்லை. மாணவர்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் தட்டுவதா?

மூச்சு அடைக்கவில்லை என்றார் அவர். வலிக்கவுமில்லை. முதலில் புறாக்களின் சத்தம் நின்றது. வானொலியைத் திருகி அணைத்தது மாதிரி. பிறகு வெளிச்சம் வந்தது.

அவர் ஒரு வயலில் நின்றார். அறுவடை முடிந்த வயல். வெட்டிய தாள் கணுக்கால் அளவில் நின்றது. நல்ல பகல். ஆனால் வானத்தில் சூரியன் இல்லை, நிலத்தில் நிழலும் இல்லை. காற்று இல்லை, தும்பி இல்லை, ஒரு கொக்குக்கூட இல்லை. நான்கு வயல்களுக்கு அப்பால் ஒரு வரம்பில் ஆட்கள் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய முதுகும் தெரிந்தது. அவர்களைப் பார்த்துக்கொண்டே அவர் நெடுநேரம் தாளுக்குள் நடந்தார். ஒரு முழு முற்பகல் அளவு நடந்ததாக அவருக்கு நிச்சயம்.

கன்னத்தில் அடி விழுந்தது. அழகரெத்தினத்தின் முகம் மேலே தெரிந்தது. புறாக்கள் கத்தின.

"எத்தின நேரம் கிடந்தன்?"

"ஏழு எண்ணினன். எட்டாகல்ல."

எழுந்தபோது ஸைனுலாப்தீனின் கெண்டைக்கால் இரண்டும் உளைந்தன. வெகுதூரம் நடந்தவனுக்கு உளைவதைப் போல. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மயக்கத்தில் வந்த கனவு என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து முறை மாறியது. இந்தமுறை அழகரெத்தினத்தின் கழுத்து அகப்பட்டது. அவரும் தட்டத் தவறினார். நினைவு திரும்பியதும் எழுந்து வெளியே போய், ஆலைச் சுவரோடு குந்தியிருந்தார். அடுத்த கிழமை அவராகவே பேச்சை எடுத்தார்.

"மாஸ்டர், அண்டைக்கு நீங்க விழுந்த நேரம் ஒரு இடம் கண்டயளா?"

"என்ன இடம்?"

"வெட்டின வயல்."

ஸைனுலாப்தீன், பரீட்சை வைப்பவர்போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தாள் ஈரமா?"

"இல்ல, காஞ்ச தாள்."

"நிழல்?"

"இல்ல. நான் என்ட காலடியப் பாத்தன். எனக்கும் நிழல் இல்ல."

"ஆக்கள்?"

"வரம்பால போறாங்க. முதுகு மட்டுந்தான். மூணு வயல் தள்ளி."

"நாலு வயல், அழகண்ணன்."

"இல்ல மாஸ்டர். மூணு. நான் வயல் செய்யிறவன், எனக்குத் தெரியாதா?"

சந்தேகம் தீர இன்னும் ஒரு தடவை பார்த்துவிடுவது என்று ஸைனுலாப்தீன் முடிவு செய்தார். அது முட்டாள்தனம் என்று அவருக்கே தெரியும். உமிப் பையில் உட்கார்ந்து கழுத்தைக் கொடுத்தார். ஏழு எண்ணியதும் அழகரெத்தினம் கையை எடுத்துவிட்டார். கண் விழித்தவுடன் ஸைனுலாப்தீன் சொன்ன சொல் "ரெண்டு."

இரண்டு வயல் தூரத்தில் அவர்கள் நடந்தார்கள். முதுகைக் காட்டி அப்பால் அப்பால் போனபடியே கிட்ட வந்திருந்தார்கள்.

அன்று மாலை அழகரெத்தினம் சைக்கிளை எடுத்தபோது ஒன்று சொன்னார். வரிசையில் ஒருவரின் நடை தனக்குத் தெரியும் என்றார். யாருடைய நடை என்று சொல்லவில்லை. தொண்ணூறில் அவருடைய தம்பி ஒருவர் வேலைக்குப் போன வழியில் காணாமல் போயிருந்தார். காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் அப்படிக் காணாமல் போன ஒருவர் இல்லாத ஒழுங்கை அப்போது குறைவு.

இனிக் கழுத்தைக் கொடுப்பதில்லை என்று இருவரும் தீர்மானித்தார்கள். ஆனால் சண்டையை விடவும் முடியவில்லை. அங்கேதான் மாற்றம் தொடங்கியது.

கழுத்து அகப்படக்கூடாதென்றால் முதுகைக் கொடுக்கக்கூடாது. முதுகைக் கொடுக்காதிருக்க விழக்கூடாது. எதிராளி இடுப்பைக் கட்ட ஓடிவரும்போது கால்களைப் பின்னால் எறிந்து, அவன் முதுகின்மேல் தன் முழுப் பாரத்தையும் போட வேண்டும். அழகரெத்தினம் அதைச் சேற்றில் எருமையை அமுக்குவதற்கு ஒப்பிட்டார். விழுந்துவிட்டால் கிடந்து போராடாமல் உடனே எழும்ப வேண்டும். வெறுந்தரையில் எழும்புவது கஷ்டம். சுவர் இருந்தால் முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு கை, ஒரு கால், பிறகு இடுப்பு என்று ஊர்ந்து ஏறலாம். ஸைனுலாப்தீன் கடையில் மிஞ்சிய குழாய்களையும் கம்பி வலையையும் கொண்டுவந்து, ஆலையின் ஒரு பக்கம் முழுவதும் வேலி அடித்தார். அந்த வேலியோடு ஏறி எழும்புவதை மட்டுமே மூன்று மாதம் பழகினார்கள்.

கராட்டியில் கற்ற காலடிகள் அதற்குள் உருமாறிப் போயின. குத்து குறுகியது. உதை தாழ்ந்தது, ஏனென்றால் உயர உதைத்தால் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், ஒற்றைக்காலில் நிற்பவனை விழுத்துவது சுலபம்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருப்பவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேச்சைப் பதிந்து கெசற் அனுப்புவார்கள். அபுல் ஹஸனுக்கு அனுப்பிய ஒன்றை ஸகியா பத்திரமாக வைத்திருக்கிறாள். துபாயிலிருந்து அவர் வேறு சாமான்களோடு திருப்பிக் கொண்டுவந்திருந்தார். நானும் கேட்டேன். 1996 தொடக்கத்தில் பதிந்தது. ஸைனுலாப்தீனின் குரலுக்குப் பின்னால் கோழி கொக்கரிக்கும் சத்தம் கேட்கிறது.

"மச்சான், நீ குடுத்த படத்துல பிடிக்கிறவன் வெல்றான். இது கனகாலம் நிக்காது. அடிக்கிறவன் விழாம நிக்கப் பழகுவான். அப்ப பிடிக்கிறவன் தோப்பான். பிறகு அவனும் அடிக்கப் பழகுவான். வேலியச் சுவராப் பாவிச்சு எழும்புவாங்க, வேலியோட சேத்து அமுக்கவும் பழகுவாங்க. கடைசியில கராட்டி, மல்லு, குத்து எண்ட பேர் ஒண்டும் மிஞ்சாது. எல்லாம் கலந்த ஒண்டுதான் இரிக்கும். அதுக்குப் பேரே இராது."

பிறகு தாழ்ந்த குரலில், "ஆரும் வெல்ற ஆசையில இப்பிடிப் பழகப் போறதில்ல. பயத்துலதான்," என்று சொல்லிவிட்டு ஸகியாவின் உடம்பு சுகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

ஜுனைட் என்பவர் வகுப்பில் சேர்ந்தது, மாணவர்களும் தரைச் சண்டைக்கு இறங்கியிருந்த அந்த மாதங்களில். இருபத்தொன்பது வயது. மீனுக்கு ஐஸ் ஏற்றும் லொறி ஓட்டினார். அவர் காக்கா என்று கூப்பிடும் மூத்த சகோதரர் முபாறக் நெல் வியாபாரி. தொண்ணூறு ஓகஸ்டில் நெல் விலை பேச மோட்டார் சைக்கிளில் இறக்காமம் போனவர். ஆளும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. வீட்டில் தாய் ஆமினா உம்மாவும், முபாறக்கின் மனைவி ஸம்ஸியாவும் இருந்தார்கள். ஸம்ஸியா விதவையுமல்ல, புருஷன் உள்ளவளுமல்ல. ஆறு வருடம்.

ஒருநாள் பயிற்சியில் ஜுனைட்டின் கழுத்து தற்செயலாக ஒரு மாணவனிடம் மாட்டியது. சில விநாடிதான். கண் திறந்தவர் சிரித்தார்.

"மாஸ்டர், எங்கட காக்கா."

அதன்பின் ஜுனைட் தட்டுவதில்லை. எவரிடம் கழுத்து அகப்பட்டாலும் விட்டுக்கொடுத்துக் கிடப்பார். ஸைனுலாப்தீன் திட்டினார், வகுப்புக்கு வர வேண்டாம் என்றார். ஜுனைட் ஐஸ் கொம்பனியில் லொறி கழுவுகிறவனைக்கொண்டு கழுத்தை நெரிக்கச் செய்கிறார் என்று கதை வந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் நீலம் பாரித்திருந்தது. சேட்டுக் கொலரை உயர்த்திப் பொத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஒரு முற்பகல் ஆமினா உம்மா வெல்டிங் கடைக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று ஸைனுலாப்தீன் எழுந்து நின்றார். ஆமினா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பலகை வாங்கில் உட்கார்ந்தார். வெல்டிங் வெளிச்சம் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"ஜுனைட் செல்றது மெய்யா மனே?"

"என்ன செல்றாரு உம்மா?"

"மூத்தவனக் காண்றானாம். வரம்பால போறானாம். கூப்பிட்டாத் திரும்புறானில்லயாம். ஆனா ஒவ்வொரு தரமும் கிட்ட நிக்கானாம்."

ஸைனுலாப்தீனால் பொய் சொல்ல முடியவில்லை. "நானும் அந்த வயலக் கண்டிரிக்கன் உம்மா. ஒங்கட மகனக் காணல்ல. முதுகுகளத்தான் கண்ட."

ஆமினா உம்மா வாங்கிலிருந்து எழுந்து கிட்ட வந்தார்.

"கண்டவன் நிண்டவனிட்டயெல்லாம் கழுத்தக் குடுத்து இவனும் மௌத்தாப் போயிருவான். நீங்க கைகாரன். ஒரே ஒருக்கா நீங்க செய்ங்க. அவன் ஒரு கேள்வி கேக்கட்டும். மூத்தவன் இரிக்கானா, இல்லயா எண்டு. அந்தப் புள்ள ஸம்ஸியாவப் பாக்க ஏலாமக் கிடக்கு மனே. அதுக்குப் பிறகு நான் இவன உங்கட பக்கமே அனுப்ப மாட்டன்."

மூன்று நாள் ஸைனுலாப்தீன் சாப்பிடவில்லை என்று ஸகியா பின்னர் என் மனைவியிடம் சொன்னாள். காரணம் கேட்டதற்குப் பல்வலி என்றாராம். நாலாம் நாள் ஜுனைட்டை ஆலைக்கு வரச்சொன்னார். வேறு மாணவர்களை வர வேண்டாம் என்றார். அழகரெத்தினத்தையும் கூப்பிடவில்லை. இது பாவமாக இருந்தால் தன்னோடு போகட்டும் என்று நினைத்தார்.

அஸருக்குப் பிந்திய நேரம். மேற்குக் கதவால் வெயில் நீளமாக உள்ளே விழுந்திருந்தது. ஜுனைட் உமிப் பையின்மேல் உட்கார்ந்தார். ஸைனுலாப்தீன் பின்னால் உட்கார்ந்து, முதுகை வேலியில் சாய்த்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் கம்பி வலை, அதற்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளியில் செங்கல் சுவர். வேறு ஒன்றுமில்லை.

"ஏழு எண்ணுவன். பிறகு உட்டுருவன்."

"ஓம் மாஸ்டர்."

கையை வளைத்தார். ஒன்று, இரண்டு. ஜுனைட்டின் உடல் தளர்ந்தது. புறாக்களின் சத்தம் நின்றது.

இந்த முறை மயங்கியது அவரல்ல. விழித்திருந்த அவருக்கும் சத்தம் நின்றது. அண்ணாந்து பார்த்தார். புறாக்கள் வளையில் இருந்தன, கழுத்துகள் புடைத்து அசைந்தன, சத்தம் மட்டும் இல்லை. ஏழு எண்ணிவிட்டார். கையை எடுக்க நினைத்தார். கை வரவில்லை. ஒட்டிப்பிடித்த இரும்புபோல இறுகிக் கிடந்தது. தன் கைதானா என்று பார்த்தார். தீப்பொறிப் புள்ளிகள் தெரிந்தன. தன் கைதான். பத்து. பதினைந்து. ஜுனைட்டின் உதடு நிறம் மாறியது. வாய் திறந்து கத்தினார், அதுவும் கேட்கவில்லை.

அப்போது அவருடைய வலது தோளில் யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு. அவசரமில்லாத, பழகிய தட்டு.

கை கழன்றது. புறாக்கள் ஒரே நேரத்தில் கத்தின. ஸைனுலாப்தீன் திரும்பிப் பார்த்தார். வேலி. செங்கல் சுவர். இடையில் ஒரு பூனை நுழையக்கூட இடமில்லை.

ஜுனைட் எழும்பவில்லை. காலைத் தூக்கிப் பிடித்தார், நெஞ்சைத் தேய்த்தார், தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினார். ஒரு நிமிடத்துக்குமேல் ஆனது. பிறகு மூச்சு ஒரு விசும்பலோடு உள்ளே போனது. கண் திறந்தது.

தண்ணீர் குடித்தபின் ஜுனைட் மெதுவாகச் சொன்னார்:

"காக்கா திரும்பினாரு மாஸ்டர். கிட்டத்தான் நிண்டாரு. நான் கேட்டன். ஒண்டும் செல்லல்ல. என்னப் பாக்கவுமில்ல. எனக்குப் பின்னால பாத்தாரு. என்னத் தாண்டிப் போய், உங்கட தோள்ல தட்டினாரு. உடு எண்டமாதிரி."

தன் தோளில் தட்டு விழுந்ததை ஸைனுலாப்தீன் அதுவரை வாய் திறந்து சொல்லியிருக்கவில்லை.

இருவரும் ஆலையைப் பூட்டிவிட்டு நடந்தார்கள். ஸைனுலாப்தீன் வலது தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். வலியில்லை. அந்த இடத்தில் மட்டும் சூடு இருந்தது, வெயிலில் காய்ந்த கல்லைத் தொட்டமாதிரி.

ஜுனைட் சொன்னதைக் கேட்டு ஆமினா உம்மா அழவில்லை. "என்ட புள்ள இஞ்சால வாறதுக்கு வழி இருந்திருந்தா, தம்பிக்குப் பின்னால வந்திருப்பான். வரல்லத்தானே," என்று மட்டும் சொன்னாராம். மறுநாளே பள்ளிவாசலுக்கு ஆளனுப்பி, மகன் போய் ஆறு வருடம் முடிந்துவிட்டது, மருமகளுக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டார். ஆலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. காணாமல் போனவருக்கு உரிய முறைப்படி விசாரித்து, அவரை இறந்தவராகவே கொள்ள வேண்டும் என்று பள்ளிவாசல்காரர்கள் முடிவு சொன்னார்கள். ஸம்ஸியா இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருந்து எழும்பினாள். அடுத்த வருடம் மருதமுனையில் நெசவுத் தறி வைத்திருந்த ஒருவரைக் கலியாணம் முடித்துப் போனாள். அந்தப் புது வீட்டு யன்னல்களுக்கும் ஸைனுலாப்தீன்தான் கிறில் அடித்தார். கூலி வாங்கவில்லை. ஏன் என்று அவள் கேட்கவுமில்லை.

ஜுனைட் கட்டாருக்குப் போய்விட்டார்.

ஸைனுலாப்தீன் வகுப்பைக் கைவிடவில்லை. கழுத்துப்பிடியைச் சொல்லிக் கொடுப்பதை மட்டும் விட்டார். எழும்பச் சொல்லிக் கொடுத்தார். வேலியோடு, சுவரோடு, வெறுந்தரையில், எதிராளி மேலே கிடக்கும்போது, இருட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு. ஊரில் இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. சண்டை வகுப்பா, விழுந்து எழும்புகிற வகுப்பா என்று கேட்டார்கள்.

1998இல் அபுல் ஹஸன் இன்னொரு கெசற் அனுப்பினார். அதே மேடை, அதே வேலி, புது ஆட்கள். ஸைனுலாப்தீனும் அழகரெத்தினமும் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஒரு பகல் பொழுதில் அதைப் பார்த்தார்கள். இடுப்பைக் கட்ட ஓடிவந்தவனின் முதுகில் எதிராளி கால்களைப் பின்னால் எறிந்து பாரத்தைப் போட்டான். விழுந்தவன் வேலியில் முதுகு சாய்த்து, ஒரு கை, ஒரு கால், பிறகு இடுப்பு என்று ஏறினான். குத்து குறுகியிருந்தது. உதை தாழ்ந்திருந்தது. எவன் எந்தக் கலை என்று பிரித்தறிய முடியவில்லை. மாவடிப்பள்ளியில் உமிப் பையின்மேல் அவர்கள் இருவரும் செய்தவை, ஒரு விரல் வித்தியாசமில்லாமல், அங்கே நடந்துகொண்டிருந்தன.

"எங்களக் கண்டு பழகினமாதிரிக் கிடக்கு மாஸ்டர்," என்றார் அழகரெத்தினம். குரலில் சந்தோஷம் இல்லை.

ஒரு சண்டையில், ஒருவனின் கழுத்து பாதி அகப்பட்டு, அவன் துடித்து, திமிறி, உருவிக்கொண்டு எழும்பிய இடத்தில் ஸைனுலாப்தீன் படத்தை நிறுத்தினார். அவன் வென்றுகொண்டிருந்தவன். இருந்தும் அவன் எதிராளியைப் பார்க்கவில்லை. கண் விரிந்து, வேலிக்கு வெளியே, சனங்களுக்கு மேலாக, வெகு தூரத்தில் எதையோ அளந்துகொண்டிருந்தான்.

"இவனும் கண்டிரிக்கான்," என்றார் ஸைனுலாப்தீன்.

அழகரெத்தினம் எழுந்துபோய் ரீவியை அணைத்தார்.

என் வீட்டுக் கடைசி யன்னலைப் பூட்டி முடித்தபோது இரண்டாம் நாள் பின்னேரமாகியிருந்தது. அவர் சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கினார். எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மூன்றாம் தடவை இரண்டு வயல் என்றீர்களே, இனி ஒரு தடவை போனால் எவ்வளவு தூரத்தில் நிற்பார்கள் என்று கேட்டேன். கேட்டபின் கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது.

"சேர், இப்ப அறுவடைக் காலம் வந்தா அழகண்ணன் வயலுக்குள்ள இறங்குறல்ல. அவரிட்ட ஏழு ஏக்கர் இரிக்கி. ஆளப் போட்டு வெட்டிச் சூடடிச்சு, அவர் றோட்டிலேயே நிண்டு மூட்டைய ஏத்துறாரு. ஏன் எண்டு நான் கேட்டன். வெட்டின வயலுக்குள்ள காலை வெச்சா, முதல்ல குனிஞ்சு நிழலப் பாக்க வேண்டிக் கிடக்காம். ஒருநாள் மப்பு மூடின நேரம் இறங்கிட்டாராம். நிழல் இல்லாமப் போயிட்டு. ஏழு ஏக்கரையும் ஓடிக் கடந்திரிக்காரு."

பெட்டியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார்.

"நான் வயல் செய்யிறவனில்ல. அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.